ரோஜாவுக்கு ஏறிய செம்பேன்கள்

"மார்ச் 9. செம்பேன் பிடித்த அவரை இலையை ஜன்னலில் வைத்தது என் தவறு" என்று மாலைக் கல்லூரி மாணவி கோமளவல்லி டைரியில் எழுதினாள். இலை வாடியதும், பக்கத்தில் அவள் வைத்திருந்த தக்காளி நாற்றை விட்டுவிட்டு, இலைச் சாற்றை உறிஞ்சும் அந்தப் பொடிப் பேன்கள் அறைத்தோழி எஸ்தரின் ரோஜாவுக்கு ஏறிவிட்டன. இலையடியில் நூலாம்படைக்குள், உரித்த தோலுக்கும் முட்டைக்கும் நடுவே, சிவப்புத் தூள் போல அவை நெளிந்தன.

"பஸ்ல மடியில வச்சுக் கொண்டாந்த செடிடீ. சொறி புடிச்ச மாதிரி இருக்கே, மருந்தடிக்கவா?" என்றாள் எஸ்தர்.

"ரெண்டு நாள் பொறுங்கக்கா, தானா சரியாயிடும்."

செம்பேன்கள் எந்தச் செடியில் அதிகம் பெருகுகின்றன என்பதுதான் கோமளவல்லி கல்லூரிக்காகச் செய்யும் ஆய்வு. பொய் சொன்ன வாயைக் கொப்பளித்தாள், கசப்பு போகவில்லை. பிறகு எழுதினாள்: "நாளை, எஸ்தரக்கா வேலைக்குப் போனதும் ரோஜாவில் முட்டைகளை எண்ண வேண்டும்."