நாலு முழம் மல்லிகை

உத்திரமேரூர் பஸ் நிற்கிற இடத்தில் பூ விற்கும் செல்லம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. ஏர் ஓட்டுகிற ஞானதாஸ் வந்து நாலு முழம் மல்லிகை கேட்டதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாய்யா, பொஞ்சாதி புள்ள பெத்துப் பத்து நாள்கூட ஆவல. அதுக்குள்ள பூவா?"

"சீக்கிரம் குடுக்கா. பால் கட்டிக்கினு மாரு ரெண்டும் கல்லா கீது. துடிக்கிறா."

"அதுக்குப் பூவக் குடுத்து சமாதானம் பண்ணப் போறியா? வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டுப் புள்ளைய வாய் வெக்கச் சொல்லு. காம்பு வலிக்குதுன்னு நிறுத்திடப் போறா. புள்ள குடிச்சாத்தான் கட்டு எறங்கும்."

ஞானதாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"தலையில வெக்க இல்லக்கா. மாருல வெச்சிக் கட்டணும்னு மருத்துவச்சி சொன்னா."

முழம் போட்ட கை அப்படியே நின்றது. தாய்ப்பாலை வற்ற வைக்கத்தான் மல்லிகையை மாரில் வைத்துக் கட்டுவார்கள். அது செல்லம்மாளுக்குத் தெரியாததல்ல.

"எப்போய்யா?" என்றாள் மெதுவாக.

"நேத்து விடியக்காத்தால. பொதைச்சிட்டும் வந்துட்டோம். மாருக்கு அது தெரியலக்கா. ஊறிக்கினே கீது."