ஏரிக்குப் போன சாவி

அரிசி டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார் எட்வர்ட். அலமாரி, சோஃபா இடுக்கு, மீன்தொட்டி எல்லாம் பார்த்தாயிற்று. கல்யாணத்துக்கு வந்திருந்த உறவுக்காரர்களும் குனிந்த தலை நிமிராமல் அவரோடு சேர்ந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

"கார் சாவி அரிசிக்குள்ள எப்படிங்க போகும்?" என்றாள் அவர் மனைவி சில்வியா.

"அதுக்காகத் தேடாம இருக்க முடியுமா? இருந்ததே ஒரு சாவி" என்றார் எட்வர்ட்.

தேடாமலே இருந்திருக்கலாம். சாவி குக்கரஹள்ளி ஏரியில் கிடந்தது. முந்தின நாள் வாக்கிங் போனபோது அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதைத் தண்ணீரில் வீசியவர் அவரேதான்.

எட்வர்டுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்பா விட்டுப்போன பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரைத் தனியாளாக ஊட்டி வரை ஓட்டிப்போய் வந்ததாக, பெண் பார்க்கப் போன அன்று சில்வியாவிடம் அளந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பொய்யைப் போர்டிகோவில் நிறுத்தி, ஞாயிறுதோறும் துடைத்து, யாரையும் கிட்டே விடாமல் காப்பாற்றி வந்தார்.

மழை பெய்தால் துருப்பிடிக்கும், வெயிலடித்தால் பெயிண்ட் வெளுக்கும் என்று வண்டியை எடுக்காமலிருக்க அவருக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்தது. வாரநாட்களில் அந்தப் பிரச்சினையே இல்லை. காலையில் ரயிலேறி நஞ்சன்கூடு ஃபாக்டரிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்.

வினை மகள் வாயிலிருந்து வந்தது. "டாடிதான் என்னை ஹெரால்ட்ல சர்ச்சுக்கு ஓட்டிட்டுப் போகணும்" என்று நிச்சயதார்த்தத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள் ஜெனிஃபர். எட்வர்ட் கண்கலங்கித் தலையாட்டினார். பாசம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"சரி, போனா போகுது. டாக்சி சொல்லிடலாம்" என்று கையிலிருந்த அரிசியைத் தட்டிக்கொண்டே எழுந்தார்.

"டாக்சியெல்லாம் வேண்டாம். அக்ரஹாரத்துல ஒரு சாவிக்காரர் இருக்காராம், வரச் சொல்லிட்டேன்" என்றாள் சில்வியா. சாவியைக் காணோம் என்றதிலிருந்து அவரைவிட அவளுக்குத்தான் பதற்றம் அதிகமாக இருந்தது.

சாவிக்காரர் ரத்தினசாமி கௌதள்ளிக் கிராமத்துப் பக்கத்துத் தமிழர். மொபெட்டை நிறுத்திவிட்டு, அரங்கள் வைத்த பையுடன் நேரே காரிடம் போனார்.

"இது அந்தக் காலத்து இங்கிலீஷ் பூட்டு. இதுக்கெல்லாம் வேற சாவி போட முடியாது" என்றார் எட்வர்ட், கொஞ்சம் மிரட்டலாகவே.

"பூட்டுக்கு ஏதுங்க பாஷை" என்று சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார் ரத்தினசாமி.

"முதல்ல காபி சாப்பிடுங்க. அவசரமே இல்ல."

"குடிச்சுக்கிட்டே ராவலாமுங்க."

வெற்றுச் சாவியைப் பூட்டில் விட்டு அசைப்பதும், பதிந்த தடத்தைப் பார்த்து ராவுவதுமாக வேலை நடந்தது. முதல் சாவி திரும்பவில்லை. எட்வர்ட் உள்ளே ஓடி மாதா படத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். அதற்குள் இரண்டாவது சாவி திரும்பிவிட்டது. திரும்ப உள்ளே போய் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

இன்னும் ஒரே ஒரு நம்பிக்கை பாக்கியிருந்தது. வருஷக்கணக்காக நின்ற இடத்திலேயே நிற்கிற வண்டி. பேட்டரி எப்போதோ செத்திருக்க வேண்டும். ரத்தினசாமி சாவியை முழுசாகத் திருப்பினார். இஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடாமல் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"நேத்துத்தான் ஓட்டுன வண்டியாட்ட இருக்குதுங்களே" என்றார் அவர்.

அந்த நிலைமையிலும் எட்வர்டால் சும்மா இருக்க முடியவில்லை. "எல்லாம் துடைக்கிற துடைப்புல இருக்கு" என்றார்.

சாயங்காலம் வெள்ளை கவுனில் ஜெனிஃபர் பின்சீட்டில் ஏறினாள். கோட்டு சூட்டோடு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்த எட்வர்ட் குனிந்து பார்த்தார். கீழே மூன்று பெடல்கள் இருந்தன. தன்னிடம் இருப்பது இரண்டு கால்கள் என்பதே அவருக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

உறவுக்காரர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார்கள். சில்வியா மட்டும் காரில் ஏறாமல் டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பிரிகிற வேதனை என்று நினைத்துக்கொண்டார் அவர்.

"ஏங்க, மெதுவா… பார்த்து" என்றாள்.

"டாடி, லேட்டாகுது" என்றாள் ஜெனிஃபர்.

எட்வர்டின் காலர் நனைந்துவிட்டது. பெற்ற பெண்ணைச் சுவரில் மோதுவதைவிட மானம் போவதே மேல் என்று முடிவு செய்து, கண்ணாடியை இறக்கினார். "சில்வியா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

அதற்குள் பக்கத்து வீட்டு நஞ்சம்மா கை நிறைய மல்லிகைச் சரத்தோடு வேகவேகமாக வந்தார். கன்னடக்காரர், இவர்களோடு பழகித் தமிழ் பேசுகிறவர். பூவை ஜெனிஃபரிடம் நீட்டியவர், டிரைவர் சீட்டில் எட்வர்டைப் பார்த்ததும் குழம்பிப்போய்ச் சில்வியா பக்கம் திரும்பினார்.

"ஏனம்மா சில்வியா, இன்னைக்கு நீ ஓட்டலையா?"