படியாத பேரம்

ரசாக் கடையில் குக்கரும் மிக்ஸியும் வந்த வேகத்தில் விற்றுப்போயின. நின்ற இடத்திலேயே படியேறுகிற ஸ்டெப்பர் என்ற உடற்பயிற்சிக் கருவி மட்டும் அசையவில்லை. கேபிள் டி.வி. விளம்பரத்தை நம்பி வாங்கிப் போட்ட சரக்கு.

அதனால்தான், தினமும் கடை திறந்ததும் வந்து உட்காரும் குழந்தையம்மாளை அவர் விடுவதாக இல்லை.

"ஏனுங்க பாய், மிதிச்சுக் காட்டுங்க. எங்க ஊட்டுக்காரரும் உங்களாட்டக் கனமான ஆளு. தாங்குமான்னு பாக்கோணும்."

ரசாக் ஏறி மிதித்தார்.

"சத்தம் வருதுங்களே?"

"அது என் மூச்சுங்கம்மா."

"அப்ப நிறுத்தாதீங்க. சூடாகுதான்னு பாத்துப்போடலாம்."

சட்டை நனைந்த பிறகுதான் அந்தம்மா விலை கேட்பார். ரசாக் குறைப்பார். "ஊட்டுல கேட்டுப்போட்டு நாளைக்கு வாரேனுங்க" என்று கிளம்பிவிடுவார். நாளடைவில் விலை, அவர் வாங்கின அடக்க விலைக்கும் கீழே இறங்கியது. ரசாக் பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட வேண்டியிருந்தது.

அந்த மாதமும் மனைவி தாஜுன்னிசா அவரைச் சர்க்கரை டாக்டரிடம் இழுத்துப் போனார்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "நடக்கச் சொன்னா கடைய விட்டு வர முடியாதும்பீங்க. இப்ப எப்படி இவ்வளவு எறங்குச்சு?" என்றார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. யாவாரந்தான் பாத்தேன்."

வெளியே பெஞ்சில் குழந்தையம்மாள் உட்கார்ந்திருந்தார். ரசாக் பரபரப்பானார். "இன்னுங் கொஞ்சம் கொறைச்சுத் தாரேனுங்கம்மா!"

அந்தம்மா அவரைத் தாண்டித் தாஜுன்னிசாவைப் பார்த்தார்.

"அம்மணி, டாக்டர் என்ன சொன்னாரு? போதுமா, இன்னும் பேரம் பேசோணுமா?"