நாலு நிமிஷம் சார்

அந்தப் புள்ளி நகரவே இல்லை.

திரையில் மதியம் பன்னிரண்டு நாற்பது. நிஜத்தில் காலை பத்து ஐம்பது. பதினோரு மணிக்குப் பெரிய அதிகாரி வருவார், கணினிக்குள் நாங்கள் செய்து வைத்திருக்கும் மாதிரி ஊரை ஓட்டிக் காட்டுவோம், அவர் கையெழுத்துப் போடுவார். எங்கள் ஆபீஸ் வாசலில் இருக்கும் பஸ் நிறுத்தம் சாலையின் எதிர்ப்பக்கம், ரயில் நிலையத்தை ஒட்டிப் போய்விடும்.

ரயிலை விட்டு இறங்கினால் நாலு நிமிஷத்தில் பஸ். இதை எங்கள் தலைவர் மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அவருக்கே நாலு நிமிஷம் சார் என்று பெயர் வைத்துவிட்டோம்.

திரையில் ஊரே புள்ளிகளாக ஓடிக்கொண்டிருந்தது. ரயில், பஸ், சைக்கிள், நடை. எல்லாம் வீடு வீடாகப் போய் வாங்கிய படிவங்களிலிருந்து செய்தவை. எல்லா வீட்டுக்கும் போக முடியுமா என்ன? திரையில் ஒரு புள்ளி என்றால் ஊரில் நூற்று நாற்பது பேர் என்று கணக்கு.

இந்தப் புள்ளி புது நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாலையோரம் வந்து நின்றது. பச்சை விழுந்தது. கடக்கக் கொடுத்திருப்பது இருபத்திரண்டு வினாடி. அதற்கு வேண்டியதோ முப்பத்தாறு. முழுதாகக் கடக்க முடியாவிட்டால் காலையே எடுத்து வைக்காதே என்பது நாங்கள் எழுதிய விதி. நின்றது. அடுத்த பச்சை. அப்போதும் நின்றது.

இதுவரை எந்த ஓட்டத்திலும் ஒரு புள்ளி இப்படி நின்று நாங்கள் பார்த்ததில்லை. ஏன் என்று இன்று காலைதான் தெரிந்தது. பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கும் புள்ளியை மென்பொருளே சத்தமில்லாமல் அழித்துவிடுமாம். அந்த வசதியை நிறுத்தி வைத்தவள் நான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

தலைவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அந்தப் புள்ளியைத் தூக்கிவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னார். ஒரு புள்ளிக்காக ஊர் நிற்குமா என்று கேட்டார். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிவதையும், அதை நீட்டிக்கும் தாள் அவர் மேஜையில் கிடப்பதையும் அவர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

எனக்குப் பயம்தான், ஒளிப்பானேன்.

புள்ளியைத் தொட்டால் அதன் படிவத்தின் படம் திறக்கும். தொட்டேன்.

பெண். வயது ஐம்பத்தேழு. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். நடை: மெதுவாக. எதற்காகப் பயணம்: கணவருக்கு மதியச் சாப்பாடு. சேருமிடம்: எங்கள் கட்டடம்.

ஊருக்குள் இறங்கும் முன், ஒத்திகையாக ஆளாளுக்கு அவரவர் வீட்டுக்கே ஒரு படிவம் நிரப்பியிருந்தோம். அந்தக் கட்டைத் தனியே எடுத்து வைக்க மறந்து, எல்லாவற்றோடும் சேர்த்துவிட்டோம் போல.

பச்சை மையில் எழுதியிருந்தது. எங்கள் ஆபீஸில் பச்சை மையில் எழுதுபவர் ஒரே ஒருவர்தான்.

அவர் என் பின்னால் நின்றிருந்தார். நான் திரும்பவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும், வந்துவிட்டது, இனி மனுஷன் மாறிவிடுவார் என்று நினைத்தேன். அப்பாடா என்றுகூட இருந்தது.

அவர் கைபேசியை எடுத்தார்.

“நான்தான். இனிமே மதியம் சாப்பாடு தூக்கிட்டு வர வேணாம், நான் இங்கயே பார்த்துக்கிறேன். ஐயோ, கோபம்லாம் ஒண்ணுமில்ல. நீ முட்டிய பார்த்துக்கோ, அது போதும்.”

குரலில் அத்தனை பாசம். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போனை வைத்துவிட்டு, அந்தப் பயணமே இனி கிடையாது, அழிப்பதில் தப்பில்லை என்றார். பொய்யும் இல்லையாம். குரலில் ஒரு நிம்மதி.

வெளியே லிஃப்ட் திறந்தது. நாலைந்து பேரின் காலடிகள் தாழ்வாரத்தில் நெருங்கி வந்தன.

திரையில் இன்னொரு பச்சை விழுந்து அணைந்தது. புள்ளி அங்கேயேதான் இருந்தது. நான் அழிக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

“மிச்சம் நூத்தி முப்பத்தொம்பது பேருக்கு யார் சார் போன் பண்றது?”