ஆஞ்சியோவுக்கு முன்னால்

"வளையல், கொலுசு, ஹேர்பின் ஒண்ணும் இருக்கக் கூடாதும்மா. எல்லாத்தையும் கழட்டிட்டீங்களா?"

கேட்டுக்கொண்டே வந்த ஷஹர்பானு சிஸ்டர், பச்சை கவுன் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்த பிரபாவதியைத் தலை முதல் கால் வரை பார்த்தார். காது, கழுத்து, கால்விரல் எல்லாம் வெறுமையாக இருந்தன.

"வூட்லயே கழட்டி வெச்சிட்டு வந்துட்டீங்களா! நல்லதாப் போச்சு. இங்க வந்து கழட்ட மாட்டேன்னு அழுவுறவங்களோட தெனம் மல்லுக்கட்டிகினு கீறேன்."

பிரபாவதி கவுனின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டாள்.

செங்கல்பட்டில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை அவளுக்கு வால்வு மாற்றும் ஆபரேஷன். அதற்கு முன்னால் இதயத்தின் ரத்தக் குழாயில் அடைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் இன்றைக்கு ஆஞ்சியோ. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை விடுவார்களாம். மணிக்கட்டை மழித்து, இன்னொரு கையில் ஊசி குத்தி டேப்பும் ஒட்டியாயிற்று.

பக்கத்து ஸ்டூலில் வரதன் அவளுடைய செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் ஒரு கேரிபேக்கில் போட்டு மடியில் வைத்திருந்தார். பெரிய பொறுப்பு என்னவோ அவ்வளவுதான். முகம் மட்டும் பத்து பேருக்கு ஆபரேஷன் ஆவது மாதிரி இருந்தது.

"இன்னா பிரபா, பயமா கீதா?"

"பசிக்குது. நேத்து நைட்லருந்து பட்டினி. நீங்க நாஸ்தா துன்னீங்களா?"

"துன்னேன்."

"பொய்யி."

வரதன் அசடு வழிந்தார். மறைமலைநகர் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர் அவர். அதே பஸ்ஸில், சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறி, முதல் சீட்டில் உட்கார்ந்துதான் பிரபாவதி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷமாக அவர் பின்னால் வரும் வண்டியைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். அப்படியும் பார்த்துத் தீரவில்லை.

"ஆபரேஷன் முடிஞ்சி நீ எந்திரிச்சி நடந்ததும் நேரா மாபலிபுரம் போறோம். கடல்ல கால நனைச்சிட்டு, சூடா வறுத்த மீனு வாங்கித் துன்னுட்டு, இருட்டுற வரைக்கும் மணல்ல ஒக்காந்துகினு இருக்கோம்."

"மொதல்ல ஒடம்பு சரியாவட்டும். அப்பறம் பாக்கலாம்."

அவளிடம் எதைக் கேட்டாலும் இதே பதில்தான். இருபத்து மூன்று வயதில், வால்வு சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து சொல்கிறாள். மாத்திரையிலேயே காலத்தை ஓட்டினாள். உடம்பும் சரியாகவில்லை. அவரும் கேட்பதை விடவில்லை. இருபது கல் தொலைவில் இருக்கும் கடற்கரைக்கு அவளைக் கூட்டிப்போக முடியவில்லையே என்று அவருக்கு ஏக்கம்.

"நான் திரும்பி வரலன்னா..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"வாய மூடு. வருவ."

சிஸ்டர் பிரஷர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நூத்தி எம்பது கீதும்மா. இப்பிடியே இருந்தா டாக்டர் இன்னிக்கி வேணாம்னுடுவாரு. இது தள்ளிப்போனா ஆபரேஷனும் தள்ளிப்பூடும்."

இதற்குமேல் ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது என்று டாக்டர் வரதனிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

சிஸ்டர் பிரபாவதியின் கழுத்தை மறுபடியும் பார்த்தார். விஷயம் பிடிபட்டுவிட்டது என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"எனக்குத் தெரியும்மா. கழுத்து காலியா இருந்தாலே பொம்பளைங்களுக்குப் பிரஷர் எகிறிடும். பத்து வருசமா பாக்குறேன்."

மேஜை டிராயரைத் திறந்து, மஞ்சள் கிழங்கு கோர்த்த கயிறு ஒன்றை எடுத்தார்.

"தங்கம்தான் கூடாது. கயிறு இருக்கலாம், டாக்டரே ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கோயில் சன்னிதிக் கடையில டஜன் டஜனா வாங்கி வெச்சிகீறேன். கடைக்காரருக்கு என் ஸ்கார்ஃபப் பாத்து இன்னும் ஆச்சரியம் தீரல. சார், எந்திரிங்க. கட்டி வுடுங்க."

"சிஸ்டர், அது..." வரதன் எழுந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னா சார் வெக்கப்படுறீங்க? நல்ல நேரமா பாக்கப் போறீங்க? தியேட்டருக்குக் கூப்ட்ருவாங்க, சீக்கிரம்."

வரதன் பிரபாவதியைப் பார்த்தார். அவள் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று அவருக்குக் கை கால் ஓடவில்லை.

"கட்டட்டா?" என்றார்.

"இன்னும் யாரக் கேக்கணும்?" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் அலட்டாமல் ஓட்டுகிற கை, மூன்று முடிச்சுப் போடுவதற்குள் இரண்டு தடவை கயிற்றை நழுவவிட்டது. சிஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சற்று நேரம் கழித்துப் பிரஷர் பார்த்தபோது நூற்று நாற்பதுக்கு இறங்கியிருந்தது.

"நான் சொல்லல?" சிஸ்டருக்கு ஒரே பெருமை.

ஸ்ட்ரெச்சர் வந்தது. கதவு மூடுகிற வரை பிரபாவதி அவரையே பார்த்துக்கொண்டு போனாள். "மாபலிபுரம் மறந்துடாதீங்க" என்றாள். இந்தமுறை அவள் எதையும் தள்ளிப்போடவில்லை.

வரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சிஸ்டருக்கு மனசு இளகிவிட்டது.

"இவ்ளோ பாசமா கீறீங்களே சார்! கல்யாணம் ஆயி எத்தினி வருசம் ஆவுது?"

வரதன் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கால் மணி நேரம் ஆவுது, சிஸ்டர்."