திருச்சி ஜெயிலிலிருந்து வந்தவன்

பஸ் புதுச்சத்திரத்தில் நிற்பதற்கு முன்பே மேளச் சத்தம் கேட்டது.

தண்டாயுதபாணி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். பாதி ஊர் ரோட்டில் நின்றது. கைகளில் சம்பங்கி மாலை.

பக்கத்து சீட்டில் அப்பா சின்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தை மாதத்திலிருந்து சிரிக்காத மனிதர், இப்போது சிரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"எறங்குனதும் கும்புடு போடு. யாராச்சும் கேட்டா திருச்சி ஜெயிலு. மேல ஒண்ணும் பேசாத."

அவன் திருச்சி ஜெயிலைக் கண்ணால் கண்டதில்லை. இத்தனை நாளும் அவன் இருந்தது கீழ்ப்பாக்கத்தில், மனநோய் ஆஸ்பத்திரியில்.

யாரும் அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. சேலத்துக் காலேஜ் ஹாஸ்டலில் தூக்கம் போய், காதுக்குள் யாரோ ஓயாமல் திட்டுவது கேட்க ஆரம்பித்தபோது, தர்க்கவியல் எடுக்கும் தோமினிக் சாரிடம் அவனாகவே போய்ச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. ஜெபம் பண்ணு, சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, கூடவே ரயிலேறிச் சென்னைக்கு வந்து டாக்டர் முன்னால் உட்கார வைத்தார்.

பிறந்ததிலிருந்து அவன் தைரியமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதைத்தான் அப்பா மண்ணைப் போட்டு மூடப் பார்த்தார்.

அப்பாவைச் சொல்லியும் குற்றமில்லை. இந்தி எதிர்ப்புக் கலவரத்தில் காலேஜ்களை எல்லாம் மூடி, பையன்கள் பெட்டியும் படுக்கையுமாக ஊர் திரும்பிய நேரம். உங்கள் பையனை மட்டும் காணோமே என்று டீக்கடையில் யாரோ கேட்டுவிட்டார்கள். அடுத்த தெரு குழந்தைவேல் திருச்சி ஜெயிலில் இருப்பதாக ஊரே பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தது. அப்பாவின் வாயிலும் அதுவே வந்துவிட்டது. என் பையனும் அங்கேதான் என்று சொல்லிவிட்டார்.

பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள். ஜெயில் என்றால் மாலை போடுவார்கள். ஊர் நியாயம் அப்படி.

காரியத்தைக் கெடுத்தவர் டாக்டர்தான். ஒரு மாதத்துக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார். மாதா மாதம் வந்து தன்னிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போக வேண்டும், விட்டால் அந்தக் குரல் திரும்பி வரும், வந்தால் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

அப்பா அதற்கு ரயிலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஜெயிலுக்குப் போனவன் மாசாமாசம் அங்கயே போயிட்டு வருவானா? நாலு பேரு கேக்க மாட்டாங்க?"

பஸ் நின்றது. இறங்கினான். கழுத்தில் மாலை விழுந்தது.

கும்பிட்ட கை நடுங்கியது. மாத்திரையால் வந்த நடுக்கம். போலீஸ்காரன் அடித்த அடியைப் பாருங்கள் என்று ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே களிதான் போட்டார்களா என்று ஒருவர் ஆசையாக விசாரித்தார். தமிழ் வாழ்க என்று கூட்டம் கத்தியது.

தண்டாயுதபாணிக்கு உடம்பெல்லாம் கூசியது. அடி வாங்கியவர்களும் குண்டு பட்டவர்களும் வேறு வீட்டுப் பையன்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய மாலையைத் திருடிப் போட்டுக்கொண்டு நிற்கிறோம் என்று இருந்தது.

அப்போதுதான் சௌந்திரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

குழந்தைவேலின் அம்மா. பஸ்ஸைக் கொளுத்திய கேஸ், அதனால்தான் அவள் மகனை இன்னும் விடவில்லை என்று ஊரில் பேச்சு.

அங்கே என் மகனைப் பார்த்தாயா என்று கேட்கப் போகிறாள். எந்த வார்டு, எந்தப் பக்கம் என்று கேட்கப் போகிறாள். இரண்டு கேள்வியில் குட்டு உடைந்து குடும்ப மானம் சந்தி சிரித்துவிடும். முழங்கையில் அப்பாவின் பிடி இறுகியது.

சௌந்திரம் மாலையைப் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. நடுங்கும் விரல்களையே பார்த்தாள். அவற்றைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"பேரச் சொல்லிக் கூப்புட்டா இப்பவாச்சும் திரும்பிப் பாக்கறானா, சாமி?"

ஜெயிலில் இருக்கும் மகனைப் பற்றி எந்தத் தாயும் இப்படிக் கேட்க மாட்டாள்.

குழந்தைவேலும் கீழ்ப்பாக்கத்தில்தான். அதே மதிலுக்குள், வேறு ஏதோ ஒரு வார்டில். அந்த வீட்டுக்காரர்கள் சொன்ன பொய்யைத்தான் அப்பா உண்மையென்று நம்பிக் காப்பியடித்திருக்கிறார். இவளை ஒரு தரம் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்கள். இதே நடுக்கத்தை மகனின் விரல்களிலும் பார்த்திருப்பாள். மகன் திரும்பியே பார்த்திருக்க மாட்டான். இனிமேல் போக வேண்டாம் என்று அதோடு நிறுத்தியிருப்பார்கள்.

"நான் பாக்கலீங்க, பெரியம்மா. அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க. என்னைய உட்டாங்கன்னா..."

முடிக்காமல் அப்பாவைப் பார்த்தான். சௌந்திரமும் அப்பாவைப் பார்த்தாள்.

பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, மேளத்தையும் மீறிக் குரலெடுத்தாள்.

"கேட்டீங்களா? எம் பையன் வெளிய வர்ற வரைக்கும் மாசாமாசம் போயிப் பாத்துட்டு வாரேங்கறான் இந்தச் சாமி!"

ஊர் ஆர்ப்பரித்தது. சிநேகிதன் என்றால் இவனல்லவா சிநேகிதன் என்றார்கள். யாரோ ஒரு மாலையைக் கழற்றி அப்பாவின் கழுத்திலும் போட்டார்கள். அப்பா கும்பிட்டார். வேறு என்ன செய்வார்?

தண்டாயுதபாணி அவள் கையை விடாமல் நின்றான். இனி டாக்டரிடம் போக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. தடுக்க யாருக்கும் வாய் வராது.

குழந்தைவேலுக்குக் குணமாகாமல் இருக்கும்வரை.