இன்ஜின் மேல் ஒரு கிளாஸ் டீ

லாரிப் பட்டறை ஒன்றில் ஒரு சுத்தியல் இருந்தது. தான் நாலு போடு போடாமல் எதுவும் எதற்குள்ளும் போகாது என்பது அதன் நினைப்பு. இன்ஜினின் நடுக்கத்தை அடக்க, கனத்த சக்கரம் மாதிரி ஒரு புது பேலன்சர் வந்து இறங்கியது.

"வா தம்பி, ரெண்டே அடி. இன்ஜினோட கிராங்க் தண்டுல போய் உக்காந்துருவே" என்றது சுத்தியல்.

"வேண்டாம்ண்ணே. எனக்குள்ள ரப்பர் வளையம் இருக்கு. அடிச்சா பிஞ்சிரும்."

"ரப்பரை வெச்சுக்கிட்டா இந்த ராட்சசனை அடக்கப் போறே?" சுத்தியல் விழுந்து விழுந்து சிரித்தது.

மெக்கானிக் சவரிமுத்து சுத்தியலைத் தொடவே இல்லை. நீளமான போல்ட் ஒன்றை மாட்டி, ஸ்பானரால் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். பேலன்சர் சத்தமே இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, வழக்கம்போல், குடிக்காத டீ கிளாஸை அதன் மேல் வைத்துப் பார்த்தார். நேற்று வைத்த கிளாஸ் துள்ளி விழுந்து நொறுங்கியதைச் சுத்தியல் கண்ணால் பார்த்திருந்தது. இன்றும் விழும் என்று காத்திருந்தது.

இன்ஜின் உறுமியது. டீ அசையவில்லை.

"தம்பி... அவ்வளவு ஆட்டமும் எங்கேடா போச்சு?"

"எல்லாம் எனக்குள்ளதாண்ணே."

உறுமிக்கொண்டிருந்த இன்ஜின் மேல், டீயில் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது.